‘பைய’ என்று சொல்லாத யார்டு

என் எழுத்து, ஒரு பக்கமாகப் பாரம் ஏற்றிய வண்டியைப் போல வலது பக்கம் சாயும். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எந்த ‘ல’ எங்கே வரும், ஒற்று எங்கே மிகும் என்பதெல்லாம் இன்றுவரை எனக்குப் பிடிபடவில்லை. படிக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பாதுகாப்பு வார மலருக்கு எழுதித் தரச் சொன்ன தம்பிகள், “பிழையெல்லாம் நாங்க திருத்திக்கிடுதோம் அண்ணாச்சி, நீங்க சும்மா எழுதுங்க” என்றார்கள். திருத்துவது என்றாலே எனக்குக் கொஞ்சம் பயம். ஏன் என்று பின்னால் வரும்.

முதுகெலும்பு தேய்ந்துவிட்டது, இனி வண்டியில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொன்னதால், வயது இருக்கும்போதே வேலையை விட்டு வந்தவன் நான். கடைசி நாள் கேன்டீனில் வண்டி ஓட்டும் தம்பி ஒருவன் கேட்டான்.

“அண்ணாச்சி, ஊரெல்லாம் பையப் போ, பைய வான்னுதான் பேசுதாங்க. நம்ம யார்டுல மட்டும் அந்த வார்த்தையைச் சொன்னவன் எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுக்கணும்னு வச்சிருக்காங்களே, அது என்ன? பேய் கீய் இருக்கா?”

“பேய்க்கு மெதுவான்னு சொன்னாத்தான் புரியுமாம்லே” என்றான் இன்னொருவன். எல்லோரும் சிரித்தார்கள்.

கூட்டத்தில் பேச எனக்கு வராது. டீ கிளாசைப் பார்த்துக்கொண்டே, “அது பெரிய கதைலே” என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டேன். வீட்டுக்கு வரும் பஸ்ஸில் அந்தக் கதையை மனதுக்குள் சொல்லிப் பார்த்தேன். நேராக வரவில்லை. எழுதினால் நேராகும் என்று நினைத்துத்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

எங்களுடையது சோப்புத்தூள் செய்கிற ஆலை. திருநெல்வேலிக்கு மேற்கே, வயல் முடிந்து பொட்டல் தொடங்கும் இடத்தில் இருக்கிறது. அம்பாசமுத்திரம் பக்கம் வயலில் டிராக்டர் ஓட்டிக்கொண்டிருந்த நான் அங்கே சுமை தூக்கத்தான் சேர்ந்தேன். ஸ்டியரிங் பிடிக்கத் தெரியும் என்று யாரோ சொல்லப்போய், ஃபோர்க்லிஃப்ட் பழகி, லைசென்ஸும் எடுத்தேன். அதில் எழுத ஒன்றுமில்லை. முன்னால் நீட்டியிருக்கும் இரண்டு இரும்புப் பட்டைகளை நாங்கள் கொம்பு என்போம். கொம்பைச் சரக்குப் பலகைக்கு அடியில் விடு, தூக்கு, கொம்பு ஏறி இறங்கும் மாஸ்டைப் பின்னால் சாய், போ. இவ்வளவுதான் என் வேலை. தொண்ணூறுகளின் தொடக்கத்தில் கொம்போடு மாட்டுகிற சாமான்கள் வரத் தொடங்கின. அதோடு மகாலிங்கம் சாரும் வந்தார்.

அவர் காஞ்சிபுரத்துக்காரர். யார்டும் குடோனும் அவர் பொறுப்பு. ஒல்லியான ஆள், சத்தம் போட்டு நான் பார்த்ததில்லை. லாரி கிளீனரைக்கூட “வாங்க, போங்க” என்பார். சட்டைப்பையில் எப்போதும் ஒரு சாக்பீஸ் இருக்கும். காலையில் வந்ததும் முதல் வேலையாக வண்டியிடம் போவார். பார்ப்பது போதாது அவருக்கு, தொட வேண்டும். சாமான்களை மாட்டியிருக்கும் ஒவ்வொரு இரும்புப் பின்னையும் விரலால் ஆட்டுவார். கொம்பின் அடியில் சங்கிலி கட்டியிருக்கிறதா என்று இழுப்பார். கொக்கியின் வாயில் உள்ள நாக்கை அழுத்தி விடுவார், அது தானாகத் திரும்பி மூட வேண்டும். ஏதாவது சந்தேகம் வந்தால் அவர் சொல்வது ஒன்றுதான்.

“இறங்கிப் பாருங்க.”

வண்டியில் உட்கார்ந்தபடி எட்டிப் பார்த்தால் ஒப்புக்கொள்ள மாட்டார். இறங்க வேண்டும், குனிய வேண்டும்.

டிரம்மைக் கவ்வும் சாமான் வந்த முதல் நாள், நழுவிவிடுமோ என்ற பயத்தில் நான் இறுக்கிப் பிடித்தேன். தகரம் ணங்கென்று உள்ளே போய்விட்டது. திட்டப்போகிறார் என்று நின்றேன். அவர் அந்தப் பள்ளத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, “பிடிக்கிறதுக்கும் நசுக்குறதுக்கும் நடுவுல ஒரு இடம் இருக்குங்க. கண்ணுக்குத் தெரியாது. தகரம் சத்தம் குடுக்கும், அதுக்கு முன்னாடி நிறுத்தணும்” என்றார். அன்று பகல் முழுவதும் காலி டிரம்களை எடுத்து வைக்கச் சொல்லி, கண்ணை மூடிக்கொண்டு பக்கத்திலேயே நின்றார். சத்தம் வந்தால் கையைத் தூக்குவார். மாலையில் கை தூக்குவதை நிறுத்தினார்.

அடுத்து வந்தது தும்பிக்கை. அது நாங்கள் வைத்த பெயர். கொம்பின் மேல் செருகி, முன்னால் நீளமாகப் போகும் ஒற்றை இரும்புக் கை, நுனியில் கொக்கி. தூத்துக்குடி துறைமுகத்திலிருந்து வரும் சோடா உப்பு அதுவரை மூடையில் வந்தது. இப்போது ஆளுயரப் பையில், ஒரு டன் எடையில், மேலே நான்கு காதுகளோடு வரத் தொடங்கியது. மூடை என்று சொல்ல முடியாத பெரிசு. அதனால் எல்லோரும் அதைப் ‘பை’ என்றே சொன்னோம். அந்தப் பெயரை வைத்தபோது யாருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

மூன்று டன் தூக்கும் வண்டிக்கு ஒரு டன் பை தூசு என்று நான் நினைத்தேன். கொக்கியை நுனிக்குத் தள்ளி மாட்டித் தூக்கியபோது, உட்கார்ந்த இடம் லேசானது. பின்சக்கரம் தரையை விட்டுக் கிளம்பியிருக்கிறது. “இறக்குங்க” என்று சார் சொன்ன குரலில் அப்போதும் அவசரமில்லை. பிறகு தரையில், பிள்ளைகள் இரு பக்கமும் ஏறி ஆடுகிற ஏற்றப்பலகை படம் போட்டுக் காட்டினார். பாரம் தள்ளிப் போகப் போக அதன் கனம் கூடும், தும்பிக்கையின் எடையையும் அந்தக் கணக்கில்தான் சேர்க்க வேண்டும், வண்டியில் எழுதியிருக்கும் மூன்று டன் வெறும் கொம்புக்கு எழுதியது என்றார். தும்பிக்கை மேல் சாக்பீஸால் ஒரு கோடு போட்டார். “இந்தக் கோட்டைத் தாண்டிக் கொக்கி போகக் கூடாதுங்க.” மழையில் அழியும் கோட்டை மறுநாள் வந்து திரும்பப் போடுவார்.

தொங்குகிற பாரத்துக்குத் தனி முறை உண்டு. மாஸ்டைச் சாய்க்கக் கூடாது. தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு மேல் தூக்கிக்கொண்டு ஓட்டக் கூடாது. பையில் ஒரு கயிறு கட்டி, ஓர் ஆள் தள்ளி நின்று பிடித்து வர வேண்டும். பையைக் கையால் தொடக் கூடாது. சைகை காட்டுவது ஒரே ஆள்தான். எங்களுக்குக் கயிறு பிடிப்பதும் சைகை காட்டுவதும் மீரான், மேலப்பாளையத்துக்காரர். என்னைவிட இரண்டொரு வயது மூத்தவர், நக்கல் பிடித்தவர்.

நான் வண்டியோடு பேசுவேன். மாட்டை ஓட்டுகிறவர்களின் பழக்கம், டிராக்டரிலேயே வந்துவிட்டது. பாரம் தொங்கினால் என்னை அறியாமலே, “பைய... பைய விடு... பையத்தான்...” என்று வாய் போய்க்கொண்டிருக்கும். இன்ஜின் சத்தத்தில் யாருக்கும் கேட்காது என்று நினைத்திருந்தேன்.

“யார்கிட்டங்க பேசுறீங்க, சுடலை?” என்று சார் ஒருநாள் கேட்டார். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மீரான்தான் பதில் சொன்னார். “அவரு வண்டிக்குத் தாலாட்டுப் பாடுதாரு சார். பையன்னா மெதுவான்னு அர்த்தம்.”

சாருக்கு அந்தச் சொல் பிடித்துவிட்டது. அன்றிலிருந்து, “பையப் போங்க”, “பைய இறக்குங்க” என்று சொல்லத் தொடங்கினார். ஒருநாள் “பையத் தூக்குங்க வே” என்றார். அவர் ஊர் ‘ங்க’வையும் எங்கள் ஊர் ‘வே’யையும் ஒரே வண்டியில் ஏற்றியவர் அவர் ஒருவர்தான். மீரான் கயிற்றை விட்டுவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். “சாருக்கு நம்ம ஊருல பொண்ணு பாத்திர வேண்டியதுதான்வே.”

இனி அந்த நாள்.

ஆடி மாதம். செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் மேல்காற்று எப்படி அடிக்கும் என்று இந்தப் பக்கத்து ஆட்களுக்குச் சொல்ல வேண்டாம். யார்டு முழுவதும் புழுதி. லாரியிலிருந்து பையை எடுத்து, சாய்வாகத் திரும்பி, குடோன் வாசல் வழியாக உள்ளே கொண்டுபோக வேண்டும். வாசலுக்கு இரு பக்கமும் சிமென்ட் தூண். மீரான் கயிற்றோடு எனக்கு இடப்பக்கம் முன்னால் நடந்தார். சார் எனக்குப் பின்னால் எங்கோ நின்றார். எங்கே என்று நான் பார்க்கவில்லை. என் கண் பையின் மேல் இருந்தது.

வாசலை நெருங்கும்போது காற்று பையைத் திருப்பியது. கயிறு கையில் நிற்காமல் மீரான் பையின் பக்கத்தில் வந்து உள்ளங்கையை அதன் மேல் வைத்தார். ஆடுகிற தொட்டிலை நிறுத்துவது போலத்தான் வைத்தார். அப்போது ஒரு சத்தம் கேட்டது.

“பைய விடு!”

வண்டியைப் பைய விடு என்கிறார்கள் என்று நான் பிரேக்கை மிதித்தேன். வண்டி தணிந்தது, பை தணியவில்லை. தொங்குகிற பாரம் அப்படித்தான். வண்டி தயங்கினால் அது முன்னால் போகும். பை முன்னால் போய்த் தூணில் சாய்ந்தது. ஒரு டன் தூள் தூணில் மோதும்போது சத்தமே வராது. மீரானும் கத்தவில்லை. “யா அல்லா” என்று மூச்சுவிடுவது போலச் சொன்னார். அவருடைய இடது கை பைக்கும் தூணுக்கும் நடுவில் இருந்தது.

பாளையங்கோட்டை ஆஸ்பத்திரியில் இரண்டு விரல்களை எடுத்துவிட்டார்கள்.

விசாரிக்கச் சென்னை அலுவலகத்திலிருந்து ஓர் அதிகாரி வந்தார். மீரான் சொன்னபடி நடக்கவில்லை என்று முடிவானால் அவருக்கு வேலை போய்விடும் என்று யார்டில் பேச்சு. அவருக்கு மூன்று பெண் பிள்ளைகள், மூத்தவளுக்கு நிக்காஹ் பேசி வைத்திருந்தார்கள். கட்டுப்போட்ட கையோடு ஆஸ்பத்திரியில் கிடந்தபடி அவர் என்னிடம் கேட்டது ஒன்றுதான். “எனக்கு வேலை இருக்குமாவே?” தலையை ஆட்டினேன். ஆமாம் என்றா இல்லை என்றா ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது.

அதிகாரியின் அறைக்கு என்னைக் கூப்பிட்டார்கள். மகாலிங்கம் சார் ஓரமாக உட்கார்ந்திருந்தார். “நடந்ததை உங்க கையாலயே எழுதுங்க” என்றார் அதிகாரி. சாய்ந்த எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். படித்துக்கொண்டே வந்தவர் ஓர் இடத்தில் பேனாவை எடுத்து ஒரு திருத்தம் போட்டார். மேசைக்கு எதிரே இருந்த எனக்கு அது தலைகீழாகத் தெரிந்தது. பின்னாலிருந்து சார் ‘பைய விடு’ என்று சத்தம் போட்டதாக நான் எழுதியிருந்தேன். அதிகாரி அதைப் ‘பையை விடு’ ஆக்கியிருந்தார்.

“பையை விடுன்னு சொன்னப்புறமும் அந்த ஆள் விடலை. அப்படித்தானே?” என்றார்.

நான் எழுந்து நின்றுவிட்டேன். “சார், அது பைய சார்.”

“ஆமாம். பையை.”

“பையை இல்ல சார். பைய.”

“அதைத்தானேய்யா நானும் சொல்றேன்?”

வாயால் எத்தனை தடவை சொன்னாலும் இரண்டும் ஒன்று போலத்தான் வந்து விழுந்தது. பையை என்பதையும் நாங்கள் பேசும்போது பைய என்றுதானே சொல்கிறோம்? கடைசியில் மகாலிங்கம் சார்தான் குறுக்கிட்டார். “இந்தப் பக்கம் பையன்னா மெதுவான்னு ஒரு அர்த்தம் இருக்குங்க.”

அதிகாரி பேனாவை மூடினார். பிறகு என்னைப் பார்த்தார். “அப்ப மெதுவா ஓட்டுன்னு உங்களுக்குச் சொல்லியிருக்காங்க. நீங்க ஓட்டலை.”

“ஓட்டுனேன் சார். சொன்ன உடனே பிரேக்கு போட்டேன்.”

“அப்புறம் எப்படி இடிச்சுது?”

பிரேக் போட்டதால்தான் என்று சொன்னால் தவறு என்னுடையதாகும். போடாமல் இருந்திருந்தால் என்றாலும் என்னுடையதாகும். ‘பையை’ என்று சொல்லியிருந்தால் அது மீரானுக்குச் சொன்னது, விடாதது அவர் தவறு. ‘பைய’ என்று சொல்லியிருந்தால் அது எனக்குச் சொன்னது. கடைசி எழுத்துக்கு ஓர் இணைக்கொம்பைச் சேர்ப்பதா வேண்டாமா என்பதில் இரண்டு பேரில் ஒருவர் வேலை தொங்கிக்கொண்டிருந்தது, கயிறு இல்லாமல்.

“நீங்க என்னதான் கேட்டீங்க? பையா, மெதுவா?”

“எங்களுக்கு ரெண்டும் ஒண்ணுதான் சார்” என்றேன். நக்கல் செய்கிறேன் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். முகம் மாறிவிட்டது.

அவர் சாரின் பக்கம் திரும்பினார். “சத்தம் போட்டது நீங்கதானே? என்ன அர்த்தத்துல சொன்னீங்க?”

பையைத்தான் சொன்னேன் என்று சார் சொல்லியிருந்தால், அவரும் தப்பித்திருப்பார், நானும் தப்பித்திருப்பேன். அவர் தன் விரல்களில் இருந்த சாக்பீஸ் தூளைத் தட்டிவிட்டார்.

“மூணு வருஷமா இந்த வார்த்தை என் வாயில இருக்குங்க. நான்தான் சொல்லியிருக்கணும். எந்த அர்த்தத்துல சொன்னேன்னு எனக்கே தெரியலை. ஆனா ஒண்ணு. நிறுத்துன்னு சொல்ல வேண்டிய இடத்துல வேற எதைச் சொல்லியிருந்தாலும் தப்புதான். சைகை காட்டுறவர் ஒருத்தர் இருக்கும்போது ரெண்டாவது ஆள் குரல் குடுத்ததும் தப்பு. அது அவங்க ரெண்டு பேரோடதும் இல்லைங்க.”

அத்தோடு விசாரணை முடிந்தது. மீரானை எடை மேடைக்கு மாற்றினார்கள். வேலை இருந்தது, கல்யாணமும் நடந்தது. என் லைசென்ஸ் என்னிடமே இருந்தது. சாரை வேறு ஊருக்கு மாற்றிவிட்டார்கள். போகிற அன்று காலையிலும் அவர் வண்டியிடம் வந்து பின்களை ஆட்டிப் பார்த்தார், தும்பிக்கையில் கோடு போட்டார். நான் அடுக்கி வைத்திருந்த டிரம்களுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். போய் ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். என்ன வார்த்தை என்று தெரியவில்லை. பின்னர் யார்டில் கை சைகை மட்டும் என்று பலகை மாட்டினார்கள். ‘பைய’ என்றால் டீ என்ற சட்டம் ஆட்களாகப் போட்டுக்கொண்டது.

கதை இங்கே முடிந்திருந்தால் நேராகத்தான் இருந்திருக்கும்.

போன மாதம் மேலப்பாளையம் சந்தைப் பக்கம் மீரானைப் பார்த்தேன். அவரும் வேலையை விட்டுவிட்டார். மூத்த மருமகன் துபாயில் இருக்கிறார். “என்னவே சுடலை, ஹயாத்தோட இருக்கீரா?” என்று, நான் உயிரோடு இருப்பதைச் சோதிப்பது போல, மூன்று விரல் கையால் தோளில் தட்டினார். டீக்கடையில் உட்கார்ந்தோம். மலருக்கு எழுதச் சொல்லியிருக்கிறார்கள் என்றேன். அன்று சார் சத்தம் போட்டது உமக்கு எப்படிக் கேட்டது, பையையா, பையவா என்று முதல் தடவையாகக் கேட்டேன்.

அவர் கிளாசைக் கீழே வைத்தார்.

“சாரா? சாரு எங்கவே சத்தம் போட்டாரு? அது உம்ம குரலுல்லா.”

“என் குரலா?”

“பின்ன? நீரு வண்டிக்குப் பாடுத பாட்டுதானே. பைய விடு, பைய விடுன்னு. என்னைக்கும் முணுமுணுப்பீரு, அன்னைக்குக் கொஞ்சம் சத்தமா வந்துட்டு. நம்ம சுடலை வண்டியத் தேத்துதாருன்னு நான் கையை எடுக்கல.”

“அப்ப ஏன்வே யாருகிட்டயும் சொல்லல?”

“யாரு வந்து கேட்டா? சாருதான் நான்னு சொல்லிட்டாராமே. சரி, சாருக்கும் கேட்டிருக்கும், அவரும் சொல்லியிருப்பாருன்னு விட்டுட்டேன்.” பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு, “அட, விடும்வே. எனக்கும் அது சரியா ஞாபகமில்ல. காத்து அடிச்ச அடியில யாரு கண்டா?” என்று சிரித்தார். டீக்கும் அவரே காசு கொடுத்தார்.

அன்றிலிருந்து யோசிக்கிறேன். எனக்குக் கேட்ட குரல் பின்னாலிருந்து வந்தது என்றுதான் நினைவு. ஆனால் அந்த வாயை நான் பார்க்கவில்லை. இன்னொன்றும் இருக்கிறது. மகாலிங்கம் சார் யாரிடமும் ‘விடு’ என்று சொல்லி நான் கேட்டதே இல்லை, ‘விடுங்க’ என்றுதான் சொல்வார். ஆபத்தில் யார் ‘ங்க’ போடுவார்கள் என்றும் தோன்றுகிறது. பின்சக்கரம் தூக்கிய அன்று அவர் ‘இறக்குங்க’ என்றாரே என்றும் தோன்றுகிறது. அப்படியானால் அந்த அறையில் அவர் ஏன் தான்தான் என்றார்? உண்மையிலேயே அப்படி நம்பினாரா, அல்லது என் குரல் என்று தெரிந்தே சொன்னாரா? அவர் இப்போது எந்த ஊரில் இருக்கிறார் என்று தெரியாது. தெரிந்தாலும் கேட்பேனா என்று தெரியாது.

வண்டி ஓட்டும் தம்பிகளுக்கு என்னால் சொல்ல முடிந்தது கொஞ்சம்தான். பாரம் தொங்கும்போது எந்தக் குரல் கேட்டாலும், அது உன் குரலாகவே இருந்தாலும், பாரத்தை இறக்கி வண்டியை நிறுத்து. இறங்கிப் பார். யார் சொன்னது, யாருக்குச் சொன்னது என்பதைப் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.

மலர் அச்சிடும் தம்பிகளுக்கு ஒரு வேண்டுகோள். ‘ல’, ‘ள’, ஒற்று எல்லாவற்றையும் உங்கள் விருப்பப்படி திருத்திக்கொள்ளுங்கள். அந்தச் சத்தம் வரும் வரியில் மட்டும் நான் எழுதியபடியே இருக்கட்டும். அது பிழையா சரியா என்று எனக்கே தெரியாது. தெரியாத வரைக்கும் யாரும் அதில் பேனா வைக்க வேண்டாம்.

1999, ஆவணி 3.